தாமதித்து வெடிக்கும் தோட்டா

துப்பாக்கி வெடிக்காவிட்டால் எல்லோரும் முதலில் தோட்டாவைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் எண்ணெயில் இருக்கும். அளவுக்கு மிஞ்சிப் பூசிய எண்ணெய் குளிரில் பிசினாக இறுகி, தோட்டாவின் அடியைக் குத்த வேண்டிய ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும். துடைத்தால் சரி. சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் நான் வேலை செய்யும் துப்பாக்கிக் கடைக்குத் திருத்த வருகிற பாதித் துப்பாக்கிகளுக்கு இதுதான் வியாதி.

துஷாந்தனின் துப்பாக்கிக்கு அந்த வியாதி இல்லை. அதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

துஷாந்தன் என் மருமகன். இங்கேயே பிறந்தவன். சனிக்கிழமைகளில் ஊர்ச் சுடும் கழகத்துக்குப் போவான். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழுந்து புதிய தோட்டா ஏறும் வகைத் துப்பாக்கி அவனுடையது. திருமணப் பரிசாக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் மீது எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

என் மனைவி இந்திரா லோசான் மருத்துவமனையில் இறந்த பிறகு, வீட்டில் நானும் மகள் அக்‌ஷயாவும்தான். அவளுக்கும் துஷாந்தனுக்கும் கல்யாணம் முடிந்த பிறகும் அவர்கள் என்னுடனேயே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் புட்டும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது துஷாந்தன் சொன்னான்.

"மாமா, நாங்கள் ரொறன்ரோவுக்குப் போகப்போறம். அண்ணாவின்ரை கொம்பனியிலை வேலை சரிவந்திட்டுது. நீங்களும் சம்மருக்கு வந்து நிண்டிட்டுப் போகலாம்."

"ஓம், நல்லது," என்றேன். அக்‌ஷயா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இன்னொரு அகப்பைக் கறி போட்டாள்.

அடுத்த முறை துப்பாக்கியைச் சுத்தம் செய்யத் தந்தபோது, அதன் ஊசிக்கு வேகம் கொடுக்கும் சுருள்வில்லைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான். பத்து முறை சுட்டால் இரண்டு முறை டிக் என்று மட்டும் கேட்கும். அதனால் எவருக்கும் ஒரு கீறலும் வராது.

சுடுகளத்தில் ஒரு விதி உண்டு. டிக் என்று கேட்டு வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி பொறுத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் யோசித்து யோசித்துத்தான் வெடிக்கும். அதற்குள் வளையத்தை இழுத்தால் வெடிப்பு முன்னால் போகாமல் முகத்துக்கு வரும். கழகத்தின் மேற்பார்வையாளர் ஜில்பேர் இதைத் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டே இருப்பார். துஷாந்தனும் அப்படியே பொறுத்து நிற்பான்.

நான் சிரித்தேன். "என்னடா, கொக்கு மாதிரி நிக்கிறாய்? வில்லுத்தான் பிழை. உடனை இழுத்துப்போட்டு அடுத்ததை அடி."

"ஜில்பேர் பேசுவார், மாமா."

"அந்தாளுக்குத் தும்மினாலும் ஒரு சட்டம். துவக்குத் திருத்திறது அவரோ, நானோ?"

"நீங்கள்தான்."

"அப்ப? பாதுகாப்புக் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிப்போட்டு, உள்ளை கிட்டப் பார். ஊசி பட்ட அடையாளம் எப்பிடி இருக்கெண்டு வந்து சொல்லு. அப்பத்தான் நான் திருத்தலாம்."

ஒரு வெள்ளைக்காரப் பையன் என்றால் என்னை நம்பியிருக்க மாட்டான். விதியைத்தான் நம்பியிருப்பான். எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை. மாமன் சொல்லை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள்தானே சொல்லி வளர்த்தோம். பனிக்காலம் முடிவதற்குள் அவன் கை பழகிவிட்டது. டிக் என்றதும் இழுப்பான், குனிவான்.

பிறகு வில்லை இறுக்கிச் சரிசெய்தேன். யாரோ அழிக்கச் சொல்லிக் கடையில் கொடுத்த, ஈரம் பட்ட பழைய தோட்டாக்கள் சிலவற்றை அவனுடைய பெட்டியில் கலந்து வைத்தேன். எது வெடிக்கும், எது வெடிக்காது, எது தாமதிக்கும் என்று எனக்கே தெரியாது. ஆகவே நடந்ததை முழுவதும் என் செயல் என்று சொல்வது சரியாகாது. என் பங்கு எவ்வளவோ, அவ்வளவை ஏற்கிறேன்.

அது நடந்த சனிக்கிழமை நான் அவனுக்குப் பின்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். டிக் என்றதும், பொறுக்கச் சொல்லி ஜில்பேர் கத்தியது எனக்குக் கேட்டது. துஷாந்தனுக்கும் கேட்டிருக்கும். ஆனால் கை முந்திவிட்டது.

இரண்டு கண்ணும் போயின. கனடாப் பயணம் நின்றது. அவனுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பதும், கைபிடித்துக் குளியலறைக்குக் கொண்டுபோவதும் நான்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் என்னைத் தூங்க விடுவதில்லை. வீட்டில் எதைத் தட்டினாலும், மின்விளக்கோ அடுப்போ கதவுப் பூட்டோ, அந்தச் சிறிய சத்தம் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்கிறான். பொறுத்திருக்கிறான். நானும் நிற்கிறேன். எதற்காக நிற்கிறேன் என்று தெரியவில்லை. நான் தனியாக இருக்கும்போதும் நிற்கிறேன்.

அப்படி நாங்கள் இருவரும் நின்றதைப் போன கிழமை அக்‌ஷயா பார்த்துவிட்டாள்.

"அப்பா, உடனை இழுக்கச் சொன்னது நீங்கள் எண்டு இவர் சொல்லுறார். உண்மையோ?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஓம், பிள்ளை," என்றேன். அவள்தான் பொலிசுக்கு அடித்து உங்களை அழைத்தாள். களைத்துப் போயிருக்கிறாள், அழைத்ததில் எனக்கு அவள் மேல் வருத்தமில்லை.

இன்னொன்று. துஷாந்தனின் இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் பார்வை வந்தால் அவர்கள் மறுபடியும் ரொறன்ரோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். கண்ணுக்கு மருந்து விடுகிறவனும் நான்தான். அதனால் கேட்கிறேன், என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?