மூடி போட்ட தொட்டியின் நாதம்

ஒயரை முழங்கையில் மாட்டிச் சுற்றக் கூடாது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி முறுக்கிக்கொண்டு வீணாகிவிடும். உங்கள் ஸ்டேஷன் ஆள் என் அறையிலிருந்து சாமான்களை எடுத்துப் போனபோது அப்படித்தான் சுற்றினார், ஏதோ கொடிக்கயிறு மாதிரி. இழவு விழுந்த வீட்டில் ஒயரைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது என்று எனக்கும் தெரியும்.

நான் கிடார் வாசிப்பவன். என் இசையில் பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரு தந்தியை மீட்டி, அந்த ஒலியைக் காலால் மிதிக்கும் நாலைந்து பெடல்கள் வழியாக அனுப்பி, அது புகை மாதிரிப் பரவுவதைப் பதிவு செய்வேன். ஒரு பெடல் ஒலியை நீட்டும், ஒன்று கரைக்கும். லூப் பெடல் என்று ஒன்று உண்டு. காதில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும், விசேஷ வீட்டில் மரியாதை கிடைக்காத பெரியப்பா மாதிரி. இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறதா என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்பாள். "ஃபிரிட்ஜ் ஓடுற சத்தத்துக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

ஒருவன் இருந்தான். அவள் தம்பி, என் மச்சினன். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓய்ந்தாலும் விரலில் சொடக்கு, தும்மல், செருப்பைத் தேய்க்கும் சத்தம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். என் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், பாதியில் அவன் கொட்டாவி இருக்கும். ஆனாலும் நான் வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "வயித்துக்குள்ள லிஃப்ட் இறங்குற மாதிரி இருக்கு அத்தான்" என்பான். அதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டி விஷயத்தைக் கண்டுபிடித்ததே அவன்தான். வீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதைக் காலி செய்து கழுவி, உள்ளே பெயின்ட் அடித்திருந்தோம். அவன் குனிந்து "ஹலோ" என்றான். தொட்டி அந்த ஹலோவை வாங்கி, நிதானமாக உருட்டிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் திருப்பித் தந்தது. நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்னிடம் இருக்கும் எந்தப் பெட்டியாலும் தர முடியாத நாதம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஒரு ஸ்பீக்கரை உள்ளே இறக்கினோம். அறையில் நான் வாசிப்பது தொட்டிக்குள் ஒலிக்கும். தொட்டியில் கேட்பதை ஒரு மைக் வாங்கி, லூப் பெடல் வழியாக என் ஹெட்போனுக்கும் பதிவுக்கும் அனுப்பும். மைக் ஸ்டாண்டுதான் சரிவான தரையில் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது.

"நான் பிடிச்சுக்கிறேன் அத்தான். ஸ்டாண்டுக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்" என்று ஏணி போட்டு இறங்கிவிட்டான்.

கீழ்ஸ்தாயி வாசித்தால் ஏணி கிடுகிடுத்தது. அதை வெளியே எடுத்தேன். தெருவில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் உள்ளே விழுந்தது. இரும்பு மூடியைத் தள்ளிப் போட்டேன். முழுதாக மூடுவதற்கு முன்னால் அவன் முகம் மேலே பார்த்தது.

"பெயின்ட் நெடி ஒரு மாதிரி இருக்கு அத்தான்."

"ஒரே ஒரு தடவை வாசிச்சுடறேன். நீ மட்டும் பேசிடாதே. முடியலைன்னா மைக்கை ரெண்டு தட்டு தட்டு, வந்து திறந்துடறேன்."

"ரெண்டு தட்டு. சரி. நீங்க நல்லா வாசிங்க."

நல்லாத்தான் வாசித்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் தந்தியைத் தொட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இத்தனை வருஷமாக இதைத்தானே தேடினோம், நம் காலுக்கடியிலேயே கிடந்திருக்கிறதே என்று. அப்போது ஹெட்போனில் இரண்டு தட்டு கேட்டது. மெத்தென்று, சரியான இடத்தில். பெடலை மிதித்து அதைப் பிடித்துக்கொண்டேன். அது சுற்றி வந்தது, நான் அதன்மேல் வாசித்தேன்.

பிறகு கேட்ட தட்டெல்லாம் லூப்பிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டேன், அதனால்தான் போய்த் திறக்கவில்லை. இப்படித்தான் என் மனைவியிடம் சொன்னேன், இப்படித்தான் உங்களிடமும் சொன்னேன். நீங்களும் கவனக்குறைவு என்று எழுதிவிட்டீர்கள். அவள்கூட அழுதுகொண்டே நம்பிவிட்டாள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் நேற்று உங்கள் அறை வாசலில் அந்த ஒயர் சுற்றிய ஆள் இன்னொருவரிடம் சொன்னார். "பாவம்யா, அவருக்கு எது மெஷின், எது மனுஷன்னே தெரியலை."

அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் என்ன செவிடனா?

லூப்பில் விழுந்த தட்டு ஒரே இடத்தில், ஒரே பலத்தில்தான் வரும். அதற்குக் களைப்பு கிடையாது. அதற்கு நடுவே இன்னொரு தட்டு கேட்டது. அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி விழுந்தது, கொஞ்சம் மெலிந்து விழுந்தது. பத்து வருஷம் உட்கார்ந்து பழகினாலும் அப்படியொரு இறக்கத்தை யாராலும் வாசிக்க முடியாது. முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் லூப்பை நிறுத்தினேன். அதற்கப்புறம் பதிவில் இருக்கும் தட்டெல்லாம் அவனுடையது. அவன் மெதுவானபோது நானும் மெதுவானேன். அவனும் நானும் சேர்ந்து வாசித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் ஒரே ஒரு தட்டு வந்தது. இரண்டாவது வரட்டும் என்று விரலைத் தந்தியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. வராததுதான் அழகாக இருந்தது. ஒலி தானாக அடங்கும்வரை எதையும் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். அடங்கியது. பதிவைச் சேமித்தேன். அப்புறம் போய் மூடியைத் தள்ளினேன்.

ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை, பாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நானும்தான், நல்லா வாசிங்க என்றான், வாசித்தேன். நான் கெட்டவனாக இருந்தால் நடுவில் எழுந்து போய் அவன் உழைப்பைக் கெடுத்திருப்பேன்.

அந்தப் பதிவு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கே மனசு வரவில்லை.