முள் எடுத்த மீன்

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைப் பாலத்துக்கு வந்து பாருங்கள் ஐயா, தூண்டிலோடு நிற்க இடம் கிடைக்காது. முன்பெல்லாம் என்னைப் போல வயிற்றுப்பாட்டுக்கு நின்றவர்கள்தான். இப்போது வங்கிக்காரர், டொக்டர்மார், விடுமுறைக்கு வந்த கனடாக்காரர். நல்ல மனிதர்கள். தூண்டில் இரைக்கு நான் விற்கும் உயிர் இறாலுக்கு ஒருநாளும் விலை பேசியதில்லை.

நீங்கள் கேட்கும் மயூரதன் தம்பி உரும்பிராயிலிருந்து வருவார். அவருடைய தூண்டிலை விற்றால் என் வள்ளத்துக்குப் புது இயந்திரம் பூட்டலாம். மீனைப் பிடிப்பார், படம் எடுப்பார், திரும்பவும் கடலில் விட்டுவிடுவார்.

போன மாதம் அவருக்கு ஒரு பெரிய கொடுவா அகப்பட்டது. அன்று என் வலையில் ஒன்றுமில்லை. மனைவி காய்ச்சலில் கிடந்தாள்.

“தம்பி, உந்த மீனைத் தாங்கோவன். மனிசிக்கு ஒரு சொதி வைக்க.”

“பாவம் அண்ணை, அதுவும் ஒரு உயிர்தானே. நீங்களும் ஒருக்கா விட்டுப் பாருங்கோ, மனசு லேசாகும்.”

மீனுக்கு முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டார்.

“கனிசியஸ் அண்ணை இனிச் சைவம்தான்” என்று என்னைக் காட்டிச் சொன்னார் பக்கத்தில் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் பாவம் என்று தேவாலயப் பூசையில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் யோசித்தேன். பசிக்குக் கொல்வதை ஆண்டவர் பொறுப்பார். விளையாட்டுக்கு வாயைக் கிழித்துவிட்டு அதை இரக்கம் என்பதை எப்படிப் பொறுப்பார்? பிடித்ததை உண்ண வேண்டும். அதை யாராவது அவருக்குப் படிப்பிக்கத்தானே வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவருக்குப் பேத்தை அகப்பட்டது. தொட்டால் பந்துபோல் ஊதும் மீன். அதன் ஈரல் நஞ்சு என்பது கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தூண்டில்களைப் பற்றி எல்லாம் படித்திருந்த அவருக்குத் தெரியவில்லை. வீசப் போனார்.

“எறியாதேங்கோ தம்பி. உதின்ரை ருசி வேறை மீனுக்கு வராது. ஒருநாளாவது பிடிச்சதைத் தின்னுங்கோ.”

“அப்பிடியோ? அப்ப மகளுக்குப் பொரிச்சுக் குடுப்பம். அப்பா பிடிச்ச மீன் வேணுமெண்டு எந்த நாளும் கேக்கிறவள்.”

நானே தோலுரித்துத் துப்புரவாக்கினேன். ஈரலை எறியாமல், நல்ல பங்கு என்று சொல்லி மேலே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

தகப்பன், மகள் இரண்டு பேரின் சவப்பெட்டிகளும் ஒன்றாகப் போயின என்று கேள்விப்பட்டேன். ஓம் ஐயா, தெரிந்துதான் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை தின்னப்போகிறது என்றதும் ஒவ்வொரு முள்ளாகத் தடவிப் பார்த்து எடுத்தேன். தொண்டையில் சிக்கிவிடக் கூடாதல்லவா.