நப்ரீஸ் பயந்தே ஆகவேண்டும்

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்காது. பதுளையில் பலரையும் போல நானும் வெந்நீர் வைத்துத்தான் குளிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார்ஜன்ட். தேயிலைத் தோட்டத்து நீர்த்தேக்கத்தில் நான் வேடிக்கைக்காக இறங்கினேன் என்று உங்கள் அறிக்கையில் வந்துவிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

என் பெயர் கனகசபை. பிறந்தது சாவகச்சேரி, உத்தியோகம் பதுளையில். அதற்கு முன் டுபாய்த் துறைமுகத்தில் நீருக்குள் மூழ்கி வேலைசெய்யும் சுழியோடியாக இருந்தேன். கப்பல்களின் அடியைச் சுரண்டுவதில் தொடங்கி, ஆழச் சுழியோடலைப் பிறருக்குக் கற்பிக்கும் தகுதிவரை பெற்றுத்தான் ஊர் திரும்பினேன். இந்த மாகாணத்தில் யாராவது நீரில் மூழ்கினால், திருகோணமலையிலிருந்து கடற்படை ஆட்கள் வந்து சேரும்வரை உறவினர்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ஊவா நீர்மீட்புக் கழகத்தை ஆரம்பித்தேன். சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இராசையா, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் பிட்டர். மற்றவர் நப்ரீஸ், பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். உங்கள் மேசையில் இருக்கும் முறைப்பாடு அவருடையதுதான் என்று நினைக்கிறேன்.

சுழியோடலில் நீந்துவது பெரிய காரியமல்ல. தண்ணீருக்குள் கருவி பழுதானால் என்ன செய்வது என்பதுதான் காரியம். உண்மையான பழுது வரும்வரை காத்திருந்து கற்பிக்க முடியாது. எனவே ஆசிரியரே பழுதை உண்டாக்குவார். மாணவர் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் அவருடைய சிலிண்டர் வால்வை மூடுவார். முகத்திலிருக்கும் மாஸ்க்கைப் பிடுங்குவார். இது குரூரம் அல்ல. உலகம் முழுவதும் இப்படித்தான் கற்பிக்கிறார்கள்.

நப்ரீஸிடம் ஒரு ரீபிரீதர் இருந்தது. ஹிக்கடுவைக்கு வந்த ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கியது. நாம் விடும் மூச்சையே சுத்தம் செய்து, ஒட்சிசன் சேர்த்து, திரும்ப நமக்கே தரும் பெட்டி அது. தண்ணீருக்குள் ஒரு குமிழிகூட வராது. அந்தக் கருவிக்குப் பயிற்சி இன்னும் கடுமையாக இருக்கவேண்டும். நான் ஒரு சிலேட்டில் 'ஒட்சிசன் அளவி செத்துவிட்டது' என்று எழுதிக் காட்டுவேன். உடனே அவர் பெட்டியை விட்டு, பக்கத்தில் தொங்கும் சாதாரண சிலிண்டரின் வாய்க்குழாய்க்கு மாறவேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் தடவை கண்ணை உருட்டிக்கொண்டு மேலே பாய்வார்கள். இராசையா பாய்ந்தார். டுபாயில் நானே பாய்ந்திருக்கிறேன்.

நப்ரீஸ் பாயவில்லை. சிலேட்டை நிதானமாக வாசித்தார். வாய்க்குழாயை மாற்றினார். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து 'எல்லாம் சரி' என்று காட்டினார். பிறகு என் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

நான் வால்வை மூடினேன். மாஸ்க்கைப் பிடுங்கினேன். இரண்டையும் சேர்த்துச் செய்தேன். ஒரு தடவை அவர் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்புகள் இரண்டையும் பழைய நங்கூரக் கயிற்றில் கட்டிவைத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வளையம். ஒருநாள் கரையில் ஈர உடையைக் கழற்றும்போது கேட்டேன்.

"உமக்குக் கொஞ்சமும் பயம் வரேல்லையோ, தம்பி?"

"நீங்க பக்கத்துல ஈக்கிறீங்கதானே சேர். பொறகு எதுக்குப் பயம்?" என்றார்.

அது பாராட்டு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு ஆசிரியருக்கு அது தலைவலி. பயம் வரும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்காமல் நான் சான்றிதழில் கையெழுத்திட முடியாது. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதுவது நேர்மையில்லை. நான் நேர்மையானவன்.

ஆகவே பயிற்சியைத் தரைக்கும் விரிவாக்கினேன். நோன்புப் பெருநாள் நெருங்கி, கடை பெண்களால் நிறைந்திருந்த ஒரு மாலையில் மெயின் சுவிட்சை அணைத்தேன். இருட்டில் எல்லாரும் கத்தினார்கள். "ஒருத்தரும் பயப்படவாணாம், எங்கட சேர் வந்திருக்கார்" என்று நப்ரீஸின் குரல் கேட்டது. மெழுகுதிரி கொளுத்தி வியாபாரத்தைத் தொடர்ந்தார். பண்டாரவளைக்குச் சரக்கு ஏற்றிப் புறப்பட இருந்த அவருடைய வான் வண்டியின் நான்கு டயர்களிலும் காற்றைத் திறந்துவிட்டேன். பம்பை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு நன்றி சொன்னார். அவருடைய நிச்சயதார்த்தத்துக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். சமையல் நடக்கும் இடத்துக்குப் போய், இனிப்பான வட்டிலப்பத்தில் தாராளமாக உப்புப் போட்டேன். பெண் வீட்டார் முகத்தைச் சுளித்து ஒவ்வொருவராகப் பீங்கானைக் கீழே வைத்தார்கள். நப்ரீஸ் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூட்டத்தின் குறுக்கே எனக்கு வளையம் காட்டினார்.

அடுத்த மாதம் பஜாரில் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் கடைக்குள் புகுந்தது. அது என் வேலையல்ல. நான் அப்போது கந்தோரில் வேலையில் இருந்தேன், சாட்சிகள் உண்டு. காளை சேலைக்கட்டுகளைக் கொம்பில் சுற்றிக்கொண்டு கண்ணாடி அலுமாரியை உடைத்தது. வேலைக்கு நின்ற பெண்கள் மேசைமேல் ஏறினார்கள். நப்ரீஸ் மட்டும் நடுக்கடையில் நின்று, காளைக்கு வளையம் காட்டினாராம்.

அன்று எனக்கு விளங்கியது. அவர் தைரியசாலி அல்ல. இந்த ஊரில் நடக்கும் கெட்டது எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்கிறேன் என்று நம்பிவிட்டார். காளை, கரண்ட் வெட்டு, மண்சரிவு எல்லாமே அவருக்குச் சேரின் பயிற்சி. நான் இருக்கும்வரை அவருக்குப் பயம் வராது.

அதிலிருந்து அடுத்த முடிவுக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை. பழுதாக வேண்டிய கருவி இனி நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீர்த்தேக்கத்தில் மெல்லிய மூட்டம். ரீபிரீதரை அன்று நான் போட்டுக்கொண்டேன். செய்துகாட்டுகிறேன், பார்த்துப் பழகுங்கள் என்றேன். மாணவர்கள் இருவரும் சாதாரண சிலிண்டர்களோடு இறங்கினார்கள். அடியில் இராசையா சேற்றைக் கிளப்பித் தண்ணீரைக் கலக்கினார், அவர் எப்போதும் கலக்குவார். அந்தக் கலங்கலில் என் உதிரி மாஸ்க்கையும் ஒரு துடுப்பையும் தரையில் விட்டுவிட்டு, ஒற்றைத் துடுப்போடு மறுகரைக்குப் போனேன். குமிழி வராத கருவி என்பதால் மேலிருந்து பார்த்தாலும் ஒரு தடயமும் தெரியாது. ஓடை வந்து விழும் மூலையில் ஏறி, தேயிலைக்குள் படுத்துக்கொண்டேன். மாற்றுடையும் கம்பளித் தொப்பியும் அங்கே முதல்நாளே வைத்திருந்தேன்.

தண்ணீர்மேல் குரல் நன்றாக வரும். முதலில் இராசையாதான் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயாவோட துடுப்பு மட்டுந்தாங்க கெடக்குது. ஐயாவக் காணோமுங்க. ஐயோ, ஐயாவக் காணோமே!"

"பதறவாணாம் இராசையாண்ணே," என்றார் நப்ரீஸ். "சேர் ட்ரில் வெச்சிருக்கார். வாங்க, மேல போய்ப் பிளேன்டீ குடிப்போம்."

குடித்தார்கள். பிறகு இன்னொரு தடவை இறங்கி, நான் கற்பித்தபடி வட்டமாகத் தேடினார்கள். முறை சரியாக இருந்ததை மேலே வந்த குமிழிகளே காட்டின. எனக்குத் திருப்தியாகவே இருந்தது, ஆனால் கைதட்ட முடியாது.

கருவியை வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளால் மூடிவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் எடுத்துத் தெமோதரைக்குப் போனேன். அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். இராசையா தகவல் கொடுத்து அன்று மாலையே நீங்களும் நீர்த்தேக்கத்துக்கு வந்திருந்தீர்கள் என்று பிறகு அறிந்தேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்.

அடுத்தநாள் ஒரு கொமியூனிகேஷன் போன் கடையிலிருந்து நப்ரீஸின் கடைக்குப் போன் எடுத்தேன். குரலை மெல்லிதாக்கி, கலியாணத்துக்குச் சேலை பார்க்கும் பெண்மணிபோல் பேசினேன்.

"கடை திறந்திருக்கோ தம்பி? ஆரோ செத்துப்போனாரெண்டு கேள்விப்பட்டன்."

"எங்கட சேர் மௌத்தாப் போனாரெண்டு செல்றாங்க லேடி, அது சும்மா. அவர் ஒளிஞ்சிக்கிட்டு ஈக்கார். நீங்க வாங்க, புது டிசைன் வந்தீக்கி."

என் சாவு அவருடைய வியாபாரத்தைக்கூடப் பாதிக்கவில்லை. அன்றைக்கே நான் திரும்பியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் பாதியில் நிறுத்தும் பயிற்சி, பயிற்சியே செய்யாததைவிட ஆபத்தானது.

அதற்குள் திருகோணமலையிலிருந்து சுழியோடிகள் வந்துவிட்டார்கள். இடம் தெரிந்தவர் என்று நப்ரீஸையும் கூட இறக்கினார்கள். அடியில் அவர்களில் ஒருவரின் காற்றுத் தரும் ரெகுலேட்டருக்குள் சேறு புகுந்து, காற்று நிற்காமல் பீறிட்டது. சில நிமிடத்தில் சிலிண்டர் காலியாகும். இது உண்மையான பழுது. அந்த இளைஞர் கண்ணை உருட்டினார், கையால் அடித்தார், மேலே பாயப் பார்த்தார். அந்த ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

நப்ரீஸ் அவரைப் பிடித்து நிறுத்தினார். தன் உதிரி வாய்க்குழாயை அவர் வாயில் வைத்தார். இரண்டு பேருமாக, நின்று நின்று, மூச்சு விட்டு விட்டு, விதிப்படி மேலே வந்தார்கள். வரும் வழியெல்லாம் நப்ரீஸ் அவருக்கு வளையம் காட்டினாராம். ஒரு உயிர் தப்பியது. இந்த வரியை உங்கள் அறிக்கையில் தடித்த எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கரையில் அந்த இளைஞர் வாந்தியெடுத்தார். நப்ரீஸ் அவருடைய முதுகில் தட்டி, "நல்லா நடிச்சீங்க. சேர் எங்க ஈக்கார்? இனிமே வரச் செல்லுங்க," என்றார்.

அவர்களுடைய தலைவர் தமிழ் தெரிந்தவர். "எந்தச் சேர்? யாரும் நடிக்கவில்லை. என்னுடைய பையன் சாகப் பார்த்தான்," என்றார்.

இதைப் பிற்பாடு எனக்குச் சொன்னவர் இராசையா. நப்ரீஸ் முதலில் சிரித்தாராம். பிறகு அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். என் துடுப்பு கரையில் கிடந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சேர்?" என்று கேட்டார். இரண்டு பேர் தாங்கித்தான் அவரை வானுக்குக் கொண்டுபோனார்கள்.

நான் அதே பெண்குரலில் மறுபடியும் போன் எடுத்தபோது அவருடைய தங்கை றஷீனா பேசினார்.

"கடை பூட்டு லேடி. நப்ரீஸ் நானா சாப்பிடவுமில்ல, தூங்கவுமில்ல. லைட்ட அணைச்சாலும் பயப்படுறார். நாய் கொரச்சாலும் பயப்படுறார். சேர் இல்லாம இனி எப்படியெண்டு அழுதுட்டே ஈக்கார்."

ரிசீவரை வைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையை முழுமையாக முடித்த நிம்மதியோடு பிட்டும் கறியும் சாப்பிட்டேன்.

நேரே பஜாருக்குத்தான் போனேன். கையெழுத்திட்ட சான்றிதழ் சட்டைப்பையில் இருந்தது. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டின் கதவைத் திறந்த நப்ரீஸ் என்னைப் பார்த்தார். முதலில் கட்டிப்பிடித்தார். பிறகு நான் காரணத்தைப் படிப்படியாக விளக்கினேன். மூன்றாவது படியில் கன்னத்தில் அறைந்தார். அறை சற்றுத் தாமதமாக வந்தது என்றாலும் நன்றாகவே விழுந்தது. பயம், துக்கம், கோபம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டேன். சான்றிதழை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். அதைக் கிழித்துவிட்டார் என்று கேள்வி. தேவையென்றால் பிரதி தரலாம்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். லீலாதேவிக்கு நான் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது உண்மை. சொல்லியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே நப்ரீஸ் கண்டுபிடித்திருப்பார். அதோடு, கலியாணமான நாளிலிருந்து அவளையும் நான் சும்மா விட்டதில்லை. அவள் குளிக்கும்போது தண்ணீரை நிறுத்துவேன். சமைக்கும்போது அடுப்பை அணைப்பேன். அவளுடைய அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய அன்று அவரைத் தெரியாத மாதிரி வாசலிலேயே நிற்கவைத்தேன். ஆரம்பத்தில் அழுவாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

பஜாரிலிருந்து வீட்டுக்குப் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. என் சாவி பூட்டுக்குள் போகவில்லை. தட்டினேன். லீலாதேவி சங்கிலியை எடுக்காமலே கதவை ஓரளவு திறந்தாள். உள்ளே கூடத்தில் புதிய பச்சைப் பெயின்ட் மணத்தது. என் நாற்காலியைக் காணவில்லை. அவள் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். முகம் தெளிவாக, கொஞ்சம் இளமையாகக்கூட இருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"ஓம், முடிஞ்சுது."

"அவசரமில்லை. இன்னும் கொஞ்சநாள் இருந்திட்டு வாங்கோ," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நான் செத்துப்போனேன் என்று ஊரே நம்பிய அத்தனை நாளும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று இராசையா சொன்னார். நீங்களே யோசித்துப் பாருங்கள், சார்ஜன்ட். நப்ரீஸைவிட அவளை எவ்வளவு நன்றாகப் பயிற்றுவித்திருக்கிறேன்.