பலகை போடுகிறவள்

பகல் பன்னிரண்டு மணி. மண்ணூரிலிருந்து ஏரிப்பக்கம் போகிற மண் ரோடு... ஓர் ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

என்ன சிரிப்பு? கரண்ட் போனதும் பேய்க் கதை கேட்டது நீங்கள்தானே. பேய்க்கு நைட் ஷிஃப்ட்தான் என்று யார் சொன்னது? எங்கள் பக்கத்துப் பேய்க்கு உச்சிவேளைதான் டியூட்டி. இசக்கியப்பா, அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்கார்.

இது கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற பிரவீன்குமாரின் தாய்மாமனுக்கு நடந்தது. பெயர் நடேசன். மழை ஏமாற்றிய இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஏரி மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோகிற வேலை அவனுக்கு. வண்டிப் பாதையை ஒரு கம்பெனி காம்பவுண்டுச் சுவர் வைத்து அடைத்துவிட்டது. அதனால் கால்வாய் வழியாகத் தட்டைப் படகில்தான் போக வேண்டும்.

தண்ணீர் இல்லாத வருஷத்தில் படகு விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கால்வாய் நடுவில் ஒரு மதகு. அதில் பலகைகளைச் செருகிவிட்டால் காலை முழுக்கத் தண்ணீர் மெல்லச் சேரும். உச்சிவேளையில் பலகையைப் பிடுங்குவார்கள். குபீரென்று தண்ணீர் பாயும், அதோடு படகும் போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் கால்வாய்த் தரையில் ஒரு மேடு. அதைத் தாண்டிவிட்டால் சூளைவரை பள்ளம்தான், கவலையில்லை. தாண்டியதும் படகுக்காரன் கழியால் படகின் விளிம்பில் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டு மதகில் நிற்பவர் பலகையைத் திரும்பப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் படகு மேட்டில் தட்டி நின்றுவிடும். தாமதித்தால் மறுநாளைக்குத் தண்ணீர் இருக்காது.

மதகில் நிற்பவள் தாயாரம்மாள். நடேசனின் மனைவி. ஆனால் அதற்கு முன்னால் சுப்பராயனின் மனைவி. படகும் சுப்பராயனுடையதுதான். அதன் பின்பக்கத்தில் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சாய்ந்துவிட்டான் பாவம். ஒரு வருஷம் கழித்துப் படகும் தாயாருவும் நடேசனிடம் வந்தார்கள்.

படகு வந்தது. தாயாரு முழுசாக வந்தாளா இல்லையா... அதுதான் நடேசனின் வயிற்றெரிச்சல். சூளையில் யாராவது "சுப்பராயன் இருந்திருந்தால்" என்று வாயைத் திறந்தால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. உயிரோடு இருக்கிறவன்மேல் பொறாமை என்றால் சட்டையைப் பிடித்து இரண்டு போடலாம். செத்தவனை என்ன செய்வது?

மேட்டைத் தாண்டியதும் சுப்பராயன் மூன்று தட்டு தட்டுவானாம். நிதானமாக. நடேசன் ஒரே தட்டு. ஆனால் அவன் தட்டி வெகுநேரம் கழித்துத்தான் தூரத்தில் பலகை விழும். அத்தனை தண்ணீரும் வீண். ஏன் என்று கேட்டால், சத்தம் கேட்டதும்தான் போட்டேன் என்பாள்.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தான். அவன் எப்போதும் முன்பக்கம்தான் நிற்பான். சுப்பராயன் விழுந்த இடத்தில் நிற்கப் பிடிக்காது. மேட்டைத் தாண்டினான். உட்கார்ந்தான். கழியை மடியில் வைத்துக்கொண்டான். தட்டவில்லை.

வெயில். காய்ந்த பாசி நாற்றம். தண்ணீர் வடியும் சத்தம்...

டொக்.

...டொக்.

...டொக்.

அவன் உட்கார்ந்திருந்த படகிலேயே. முதுகுக்குப் பின்னால். உடனே தூரத்தில் தடதடவென்று பலகை விழுந்தது.

"ஏ, வெயிலுக்குக் கட்டை சுருங்கி சத்தம் போட்டிருக்கும்லா?"

இருக்கலாம், இசக்கியப்பா. நடேசனும் அப்படித்தான் நினைத்துத் திரும்பினான். யாரும் இல்லை. ஆனால் படகின் பின்பக்கம் மட்டும் நாலு விரற்கடை தண்ணீரில் தாழ்ந்திருந்தது. அங்கே மண்ணே ஏற்றவில்லை. அப்புறம் பீடி வாசனை... நடேசன் பீடி குடிப்பதில்லை.

வேறொருவன் என்றால் அன்றைக்கே படகை விட்டுவிட்டு ஓடியிருப்பான். இவனுக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டான்.

"நான் தட்றப்போ ஏன் பலகை போட மாட்டேங்கற?"

தாயாரு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நீ தட்றது எனக்குக் கேட்டதே இல்லியே."

அன்று இரவு அவன் தூங்கவில்லை. மறுநாள் இடத்தை மாற்றினான். நீ படகில் போ, மதகில் நான் நிற்கிறேன் என்றான். கழி ஊன்ற அவளுக்கும் தெரியும். புதுப் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். யோசித்துப் பாருங்கள், மண் படகுக்குப் பூ எதற்கு?

நடேசன் பலகைகளைப் பிடுங்கினான். படகு பாய்ந்தது. வளைவில் மறையப்போகிற நேரம், முன்பக்கம் நின்றவள் தலையைத் திருப்பினாள். மதகைப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடேசன் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் கையாலேயே பொண்டாட்டியைக் கொண்டுபோய் அவனிடம் ஒப்படைத்துவிட்டோம்.

தட்டும் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் குத்தினான். மேட்டில் மாட்டட்டும். இரண்டு பேரும் மாட்டட்டும்.

கரையோடு ஓடினான். வளைவு தாண்டினான். மேட்டில் தண்ணீர் வடிந்து சேறு மினுமினுத்தது. படகைக் காணோம். சேற்றில் படகு உரசிய தடம்கூட இல்லை.

மூச்சு வாங்கச் சூளைக்கு வந்து சேர்ந்தான். படகு அங்கே கட்டிக் கிடந்தது. மண்ணை இறக்கிவிட்டிருந்தார்கள். தாயாரு வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. வாசலில் வந்து நிற்கும் வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரிதான் கேட்டாள்.

"அவரு உன்னாண்ட கேக்கச் சொன்னாரு... தட்றதுக்கு மின்னாடியே ஏன் பலகைய போட்டே?"