மறதிக்கு வயது உண்டா?

தலைமை தாங்கும் துறைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை அழகு செய்யும் மூத்தோரே, முத்தனைய தாய்மார்களே! கைப்பேசியும் கையுமாய்க் காட்சி தரும் மாணவக் கண்மணிகளே! எல்லோருக்கும் நடுவே முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் என் அருமை மகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்கு விடைகொடுக்கக் கூடியிருக்கிறீர்கள். விடைபெறத்தான் வந்தேனா? வந்து நின்ற பிறகும் விளங்கவில்லை எனக்கு!

"உட்காந்து பேசுங்கம்மா!"

யாரது? நன்றி தம்பி. இது அன்பா? இல்லை, நரைத்த தலையைக் கண்டு வந்த இரக்கமா? உளவியல் பேராசிரியையாக வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தேன்; இன்று எனக்கே பிடிபடவில்லை. நின்றே பேசுகிறேன், விடுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடம் கண்டது என்ன? முதுமை வந்தால் மறதி வரும் என்று காதில் ஓதிவிட்டுத் தேர்வு வைத்தால், மறக்காதவரும் மறந்து நிற்கிறார். மறக்க வைத்தது வயதா? ஓதிய வாயா?

போன மாதம் சாவியை உள்ளே வைத்துவிட்டு ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் என் உதவியாளர், இப்போதுதான் மீசை முளைத்த பிள்ளை, அதே கூத்தைச் செய்தார். அவருக்குத் துறையே சொன்னது, "பாவம், தூக்கமில்ல." எனக்கு, "பாவம், வயசாயிடுச்சு." என் மகளோ, "போதும்மா, வேலையை விட்டுட்டு எங்கூட வந்துடு" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

விடுவேனா? எங்கள் ஞாபகத் தேர்வை நானே எழுதினேன். முழு மதிப்பெண்! குதித்தேன். மகள் கேட்டாள்: "கேள்வியெல்லாம் நீ தயார் பண்ணதுதானேம்மா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

உதவியாளர் புதுத் தேர்வு தயாரித்தார். உட்கார வைத்தார். தோளைத் தட்டினார். "மேடம், வயசானவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டந்தான். பதறாம பண்ணுங்க." அடப்பாவி! எதைச் சொல்லக் கூடாதென்று ஆண்டாண்டாகக் கற்பித்தேனோ, அதையே சொன்னார். பாதிக்கு மேல் மறந்துபோனது. "ஐயோ மேடம், ஆறுதலாத்தான் சொன்னேன்" என்று அவர் கண் கலங்கினார். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில்தான் தலைவரிடம், "சரி, போய்விடுகிறேன்" என்றேன்.

தளர்ந்தது என் மூளையா? தளர்த்தியது அந்தச் சொல்லா? முதல் தேர்வும் செல்லாது, இரண்டாம் தேர்வும் செல்லாது. பிறகு எதை நம்பி நான் போவது? எதை நம்பி நான் இருப்பது? பயமாக இருக்கிறது, தாய்மார்களே. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் தெரியாத ஒன்றுக்கு என் நரை தீர்ப்புச் சொல்லக் கூடாது! தலைவர் அவர்களே, "போகிறேன்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். திங்கட்கிழமை காலை வேறு துறையினர் தயாரிக்கும் தேர்வை எழுதுகிறேன். பக்கத்து நாற்காலியில் என் உதவியாளரும் எழுதட்டும். வயதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நான் தளர்ந்தது உண்மையானால், மகளே, மறுநாளே உன் வீட்டு வாசலில் என் பெட்டி இருக்கும். அவர் தளர்ந்திருந்தால்? அவரை எந்த மகள் வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

வழியனுப்ப வந்து, போகாதவளின் பேச்சைப் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.