பட்டி தெரிந்த ஆடுகள்

தனுஷ்கோடி: ...வேண்டாம்னு மட்டும் சொல்லிராத, முருகலட்சுமி. போலீஸ் எஸ்.ஐ. அம்மா, ஒன்னத் தேடி விருதுநகர் ஆபீஸ் வேலை வருது. காலையில பஸ்ஸு, சாயந்தரம் வீடு. ஞாயித்துக்கெழமை லீவு!

முருகலட்சுமி: மொதல்ல சாப்புடுங்க. சோறு ஆறுது.

தனுஷ்கோடி: பேச்ச மாத்தாத. இன்னைக்குள்ள பதில் சொல்லணும்ல?

முருகலட்சுமி: ம்...

தனுஷ்கோடி: புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப எங்க இருந்த? ஆட்டுக் களவாணி பின்னால!

முருகலட்சுமி: அன்னைக்கு நான் வீட்டுல இல்லாதது தப்புத்தான். ஆனா ஆடுன்னா எளக்காரமா? ரெட்டியபட்டி பெத்தம்மாளுக்கு அதுகதான் பொழப்பு.

தனுஷ்கோடி: புடிபட்டவன் என்ன சொன்னான்?

முருகலட்சுமி: சந்தையில வாங்குனதுன்னு சாதிச்சான். காதுல இருந்த அடையாளத்தையும் கத்தரிச்சுட்டான், படுபாவி.

தனுஷ்கோடி: அப்பறம்?

முருகலட்சுமி: ஊர்ல ஆடுக மேச்சல் முடிஞ்சு திரும்புற நேரமாப் பாத்து, அவங்கிட்ட புடிச்ச ஆடுகளக் கொண்டுபோயி ஊர் முக்குல எறக்கிவிட்டேன். யாரும் கூப்புடக் கூடாது, பத்தக் கூடாதுன்னுட்டேன். பெத்தம்மாள வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லிட்டேன்.

தனுஷ்கோடி: தெசைக்கு ஒண்ணா ஓடியிருந்தா?

முருகலட்சுமி: எம் மானம் போயிருக்கும். கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு நின்னுச்சுக... மூத்த ஆடு ஒண்ணு மெல்ல நடந்துச்சு. மத்ததெல்லாம் பின்னாலயே போச்சு. வேற எந்த வீட்டுப் பக்கமும் திரும்பலங்க... நேரா பெத்தம்மா பட்டி!

தனுஷ்கோடி: களவாணி?

முருகலட்சுமி: தலையத் தொங்கப் போட்டான். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்.

தனுஷ்கோடி: சரி, பேப்பர்ல யாரு போட்டோ? இன்ஸ்பெக்டரய்யா! ஒம் பேரு ஒரு மூலையிலகூட இல்ல.

முருகலட்சுமி: வலிக்கத்தான் செய்யுது. இல்லேங்கல. ஆனா பெத்தம்மா எங் கையப் புடிச்சவுக விடவேயில்ல... அந்த ஆபீஸ்ல யாரு வந்து எங் கையப் புடிப்பாக?

தனுஷ்கோடி: அப்ப...

முருகலட்சுமி: கோவப்படாதீக. காலையிலயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.

தனுஷ்கோடி: அன்னைக்கு உரமூட்டை எறக்க நானும் ரெட்டியபட்டிக்கு வந்திருந்தேன். கூட்டத்துக்குள்ளதான் நின்னேன்; ஒன் வாயால கேக்கணும்னுதான் இப்பத் தெரியாத மாதிரிக் கேட்டேன். ‘யாருய்யா இந்தம்மா, இம்புட்டு கெட்டிக்காரியா இருக்கு’ன்னு ஒருத்தர் கேட்டாரு. ‘எம் பொண்டாட்டி’ன்னு சத்தமாச் சொல்லிட்டேன்... இனிமே நீயே ஆபீசுக்குப் போறேன்னாலும் நான் விடமாட்டேன்!