கம்பி கட்டிய மூட்டை

என்னை எல்லோரும், மரம் இழைக்கும் உளியின் பெயரால், இழைப்புளி என்று கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் என் மனைவியே யார் அது என்று கேட்பாள். வயது நாற்பத்தாறு. தச்சு வேலை. கீழே பட்டறை, மாடியில் நான், பின்பக்க வீட்டில் அண்ணனும் அண்ணியும். நேற்று பட்டறைக் கொட்டகை எரிந்தது தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றி அடுப்பு மூட்டப் போய்ப் புருவத்தைக் கருக்கிக்கொண்டார். அன்றைக்கே அண்ணி மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அதன் பிறகு, என் பட்டறையில் விழும் மரச்சுருளை அள்ளிப்போய், முட்டை அட்டைக் குழிகளில் நிரப்பி, மிச்ச மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சுருளின் மேல் ஊற்றி, காய்ந்த ஆரஞ்சுத் தோலைச் செருகி, இறுகியதும் குழி குழியாக வெட்டி, அடுப்பு மூட்டும் கட்டிகளாக வைப்பார். மெழுகை நேரடியாகத் தீயில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பாலிஷ் போட்ட மரத்தின் சுருளைக் கொடுத்தால் மோந்து பார்த்தே திருப்பிவிடுவார். "இந்தப் புகைய யாரு உள்ள இழுக்கிறது, உங்க அண்ணனா?" என்பார்.

ஒன்றைப் பற்ற வைத்தால் கால் மணி நேரம் நின்று எரியும். எந்த ஈர விறகும் வழிக்கு வந்துவிடும். "குப்பை ஆராய்ச்சி எப்படிப் போகுது அண்ணி?" என்று கிண்டல் செய்தவன் நான்தான். இன்று தெருவில் பாதி அடுப்பு அவர் கைவேலையில்தான் எரிகிறது. உளி பிடித்து முப்பது வருடமாகிறது, என் கழிவில் இப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நேற்று முன்தினம் அண்ணி கட்டிகளுக்குத் திரி வைக்கப் பழைய பருத்தித் துணி கேட்டார். மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளைச் சாக்கில் அமுக்கி, வாயைக் கம்பியால் கட்டி, அவர் மூட்டைகளோடு கொட்டகையில் வைத்தேன். எண்ணெய் இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்ற என் அதிமேதாவித்தனம். அந்தத் துணியை அமுக்கி வைத்தால் தானே சூடேறிப் பற்றும், விரித்துத்தான் காயப்போட வேண்டும் என்பது வேலை பழகிய முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும்.

நேற்று மாலை நான்கு மணிக்குக் கொட்டகை எரிந்தது. முதலில் ஓடிவந்து ஈரச் சாக்கை வீசியவரும் அண்ணிதான். அணைந்த பிறகு காவலர் மெழுகுக் கட்டிகளைக் காட்டி, யாருடையது என்று கேட்டார். "அண்ணியோடது" என்றேன். அது உண்மை. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். அண்ணி தன் மூட்டைகளை நூலால்தான் கட்டுவார். சாம்பலில் கிடந்த கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாரணைக்காகக் காவலருடன் புறப்படும்போது, "அடுப்பு அணையப் போகுது, ஒரு கட்டை போட்டுடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் போடவில்லை. சாம்பலைக் கிளறிக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மூட்டுவதற்கு வீட்டில் ஒரு கட்டி மிச்சமில்லை, எல்லாவற்றையும் கைப்பற்றி இங்கே நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஈர விறகோடு மல்லுக்கட்டிவிட்டு, பரணில் கைவிட்டு மண்ணெண்ணெய் டப்பாவைத் துழாவினார். அதைப் பார்த்ததும் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அதன் பிறகு, இங்கே நான் காத்திருந்தபோது நிலையத்து அடுப்பும் புகைந்துகொண்டே இருந்தது. காவலர் ஒருவர் கைப்பற்றிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் இருந்த அண்ணி, "காத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்க சார்" என்றார். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி கூறினார். கைப்பற்றிய பட்டியலில் கட்டிகள் இருபத்துநான்கு என்று உள்ளது, இப்போது இருப்பது இருபத்துமூன்று என்பதால் எழுதச் சொன்னேன்.

கொட்டகையை எரித்தது என் மூட்டை. அண்ணிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்த கம்பியை இந்த மேசைமேல் வைக்கிறேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. நேற்று சொல்லாமல் விட்டதும் இதில் அடங்கும்.

ஒப்பம்: இழைப்புளி என்கிற தச்சர்